உங்களுக்குத் தெரியுமா? வயிற்றின் பின்கட்டில் இருக்கும் கணையம்

● வயிற்றுவலியோடு வருபவரிடம் அனுபவமுள்ள டாக்டர் முதலில் "எங்கே வலிக்குது?" என்பார். அடுத்த கேள்வி, "முதுகுக்குப் போகுதா?" பழைய வீடுகளில் பின்கட்டு இருக்குமே, வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரியாத இடம், கணையம் அப்படி ஓர் இடத்தில் இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகப் படுத்திருக்கிறது. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொதிந்திருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரல்வரை போகும். நீளம் சுமார் 15 செ.மீ., எடை 100 கிராமுக்குள். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் கைக்குச் சிக்காது. சாதாரண ஸ்கேனிலும் குடலில் உள்ள காற்று அதைப் பல நேரம் மறைத்துவிடும். கணைய வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைப்பதும், மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் சற்றுத் தணிவதும் இந்த இருப்பிடத்தால்தான்.

● தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அது கணையம். இலங்கைத் தமிழர் படித்த புத்தகத்தில் சதையி. கிரேக்கர் வைத்த பெயரான 'பான்கிரியாஸ்' என்பதற்கும் 'முழுக்கச் சதை' என்றே பொருள். எலும்போ குருத்தெலும்போ இல்லாத வெறும் சதைக்கட்டி என்று நினைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாணவர் வாயில் வரும் சொல்லும் அந்தப் பழைய கிரேக்கச் சொல்லும் ஒரே பொருளில் சந்திப்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பிடிக்கும்.

● 1642-ல் இத்தாலியின் பதுவா நகரத்தில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது, கணையத்தின் நடுவே நெடுக ஒரு குழாய் ஓடுவதை யோஹான் கேயார்க் விர்சுங் கண்டார். அது ரத்தக்குழாயா, வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. செப்புத் தகட்டில் படமாகச் செதுக்கி, அச்சிட்டு, அன்றைய பெரிய உடற்கூற்று அறிஞர்களுக்கு அனுப்பிக் கேட்டார். தெளிவான பதில் கிடைப்பதற்குள், மறு ஆண்டே, சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கும் டாக்டர்கள் தினமும் நுழையும் அந்தக் குழாய்க்கு அவர் பெயர்தான்.

● கணையம் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்வரை செரிமான நீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் கறியையும் பருப்பையும் எண்ணெயையும் கரைக்கக்கூடிய நீர் அது. கணையமும் சதைதானே, ஏன் தன்னையே கரைத்துக்கொள்வதில்லை?

நொதிகள் பூட்டப்பட்ட நிலையில்தான் அங்கே தயாராகின்றன. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின், 'டிரிப்சினோஜன்' என்ற செயல்படாத வடிவில் வெளியேறும். சாவி சிறுகுடலில் இருக்கிறது. அங்குள்ள என்டெரோகைனேஸ் என்ற நொதி பூட்டைத் திறந்ததும் அது டிரிப்சினாகி, மற்ற பூட்டுகளையும் தானே திறந்துவிடும். தப்பித் தவறிக் கணையத்துக்குள்ளேயே கொஞ்சம் டிரிப்சின் விழித்துக்கொண்டால் அதை அமுக்கிப் பிடிக்க ஒரு காவல் புரதமும் உண்டு. அதற்கான மரபணுவின் பெயர் 'ஸ்பிங்க்1'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும். பூட்டும் காவலும் ஒன்றாகத் தோற்கும் நாளில் வருவதுதான் திடீர்க் கணைய அழற்சி. கணையம் தன்னையே செரிக்கிறது என்று 1896-லேயே சொன்னவர் ஹான்ஸ் கியாரி.

● என் சித்தப்பாவுக்கு அந்த நாள் ஓர் ஆடி மாதத்து ஞாயிறு. குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு, மதியம் விருந்து. ராத்திரி மேல்வயிற்றில் பிடித்தது. "வாயுதாம்மா, ஓமம் போட்டு வெந்நீர் குடு" என்றார். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா, மெடிக்கல் ஷாப்பில் வலியைச் சொல்லி வாங்கிய அல்சர் மாத்திரை என்று இரண்டு இரவுகள் போயின. குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது. அவரால் படுக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முன்னால் குனிந்தே இருந்தார். அந்தக் குனிதல் என்ன சொல்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை மூச்சு இரைத்தபோதுதான் ஆட்டோ பிடித்தோம்.

அதற்குப் பிறகு அவர் 47 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு இரவுகளுக்காகத்தான்.

● கணைய அழற்சி என்று முடிவு செய்ய உலகெங்கும் ஒரே அளவுகோல்: மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கே உரிய மேல்வயிற்று வலி. ரத்தத்தில் அமிலேஸ் அல்லது லைபேஸ் இயல்பின் மேல் எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல். ஸ்கேனில் தெரியும் மாற்றம். வலியும் ரத்தப் பரிசோதனையும் பொருந்திவிட்டால் உடனே சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை. அழுகிய பகுதி தெளிவாகத் தெரிய மூன்று நான்கு நாளாவது ஆகும் என்பதால், முதல் நாள் எடுக்கும் சி.டி. பல நேரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஆனால் இ.சி.ஜி. மட்டும் கட்டாயம், ஏனென்றால் மாரடைப்பும் இதே மேல்வயிற்று வலியாக வரக்கூடும்.

● காரணங்களில் முதல் இரண்டு இடம் பித்தக்கல்லுக்கும் மதுவுக்கும். பித்தக்குழாயும் கணையக்குழாயும் பெரும்பாலோருக்குக் கடைசியில் ஒன்றுசேர்ந்து ஒரே வாசல் வழியாகக் குடலில் திறக்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சிறு கல் அந்த வாசலில் சிக்கினால் இரண்டு வீட்டுக்கும் வழி அடைபடும். 1901-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இறந்த ஒருவரின் உடலில், அப்படிச் சிக்கிய கல்லைக் கண்டு இதை விளக்கியவர் யூஜீன் ஓப்பி. பெரிய கல்லைவிடச் சிறிய கல் ஆபத்தானது. பெரியது பையைவிட்டு நகராது, கடுகளவு கல் நகர்ந்துவிடும். சித்தப்பாவுக்கும் கடுகுகள்தான்.

● வயிற்றுக்குள் சோப்பு உருவாகும் என்றால் நம்புவீர்களா? அழற்சியில் வெளியே கசியும் லைபேஸ், சுற்றியுள்ள கொழுப்பைக் கொழுப்பு அமிலமாக உடைக்கிறது. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு கூடி, வேதியியல்படி சோப்பே ஆகிவிடுகிறது. அறுவையின்போது மெழுகு சொட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். கால்சியம் அங்கே போய்ச் சேர்வதால் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். கடும் கணைய அழற்சியில் டாக்டர்கள் கால்சியத்தையும் விடாமல் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● இந்த அழற்சியை நிறுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. நொதிகளை அடக்கும் ஊசிகள் பல சோதிக்கப்பட்டன, எதுவும் உறுதியாக நிலைக்கவில்லை. சலைன், வலி தணிப்பு, ஆக்சிஜன், சத்துணவு, இடைவிடாத கவனிப்பு, இவ்வளவுதான் சிகிச்சை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்தச் சாதாரண விஷயங்களை எப்படிச் செய்வது என்பதிலேயே கடந்த 20 ஆண்டுகளில் மருத்துவம் தன் பழைய எண்ணங்களைப் புரட்டிப் போட்டிருக்கிறது.

முதலாவது, சலைன். வரும்போதே லிட்டர் லிட்டராக வேகமாக ஏற்ற வேண்டும் என்பது வெகுநாள் வழக்கம். இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நாடுகளின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2022-ல் வெளியிட்ட 'வாட்டர்ஃபால்' ஆய்வு அதைச் சோதித்தது. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு உடலில் நீர் அளவுமீறித் தேங்கியது. நிதானமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதத்தினருக்குத்தான். வேகமாக ஏற்றியதால் நோயின் கடுமை குறையவும் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம் தெளிவாக இருந்தது.

இரண்டாவது, சாப்பாடு. 'கணையத்துக்கு ஓய்வு' என்று நாள்கணக்கில் பட்டினி போட்ட காலம் போய்விட்டது. பட்டினியில் குடலின் உட்சுவர் தளர்ந்து, அங்குள்ள கிருமி உள்ளே புகுந்துவிடுகிறது. அழற்சி லேசாக இருந்து, வாந்தி நின்று பசி வந்தால், ஓரிரு நாளிலேயே கொழுப்புக் குறைந்த உணவு கொடுக்கிறார்கள். சாப்பிட முடியாதவருக்கு மூக்கு வழியாகக் குழாய். ரத்தக்குழாய் வழி உணவு கடைசிப் புகலிடம்.

மூன்றாவது, ஆன்டிபயாட்டிக். கிருமித் தொற்று இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதால் பயனில்லை என்பது இப்போது ஏற்கப்பட்ட முடிவு. 'காய்ச்சல் அடிக்குது, பெரிய ஊசி போடலையே' என்று கோபப்படும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியின் காய்ச்சல்தான்.

● கணையத்தின் ஒரு பகுதி செத்து, அதில் கிருமியும் சேர்ந்தால்? முன்பெல்லாம் வயிற்றை அகலத் திறந்து அழுகியதை வழித்து எடுத்தார்கள். அதில் பிழைக்காமல் போனவர்கள் பலர். நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் படிப்படியான வழியாக மாற்றியது: முதலில் விலாவின் பின்புறமாக ஒரு குழாய் செலுத்திச் சீழை வடிப்பது, அது போதாவிட்டால் மட்டும் சிறு துளை வழியாகச் சுத்தம் செய்வது. வெறும் குழாயோடு 35 சதவீதத்தினர் அறுவையே இல்லாமல் மீண்டார்கள். இப்போது எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பைச் சுவரிலேயே ஒரு வழி போட்டுச் சீழை உள்ளுக்குள்ளேயே வடிய விடுவதும் உண்டு.

இதில் கடினமான மருந்து காத்திருப்பதுதான். செத்த பகுதியைச் சுற்றித் தடித்த சுவர் எழ ஏறக்குறைய நான்கு வாரம் வேண்டும். அதற்கு முன் கைவைத்தால் ரத்தப்போக்கு. சித்தப்பாவின் 47 நாளில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பு. "ஏங்க, ஒண்ணுமே செய்யாம படுக்க வெச்சிருக்காங்களே" என்று சித்தி வராந்தாவில் அழுவார். ஒன்றும் செய்யாததுபோல் தெரிந்த அந்த நாட்களில்தான் அவர் உடம்பு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது.

● பித்தக்கல்லால் வந்த லேசான அழற்சி தணிந்ததும் "வீட்டுக்குப் போய்ட்டு அடுத்த மாசம் வந்து பித்தப்பையை எடுத்துக்கலாம்" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்வோம். வேண்டாம். அதே முறை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எடுத்தவர்களையும் தள்ளிப்போட்டவர்களையும் ஒப்பிட்டது 2015-ல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வு. பித்தக்கல் தொல்லையால் மறுபடி சேர்க்க வேண்டிவந்தவர்களோ இறந்தவர்களோ தள்ளிப்போட்டோரில் 17 சதவீதம், உடனே எடுத்தோரில் 5 சதவீதம்.

● டிரினிடாட் தீவில் கணைய அழற்சிக்கு ஒரு தேளும் காரணம். டிட்டியஸ் டிரினிடாட்டிஸ் என்ற அந்தத் தேளின் விஷம் கணையத்தை அளவுமீறிச் சுரக்கத் தூண்டிவிடும்.

● பரிசோதனைக் குழாயில் எடுத்த ரத்தம் சற்று நேரத்தில் பால்போல் வெளுத்துத் தெரிந்தால், அது ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பின் வேலை. 1,000 மில்லிகிராமைத் தாண்டும்போது கணையம் ஆபத்தில் இருக்கிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, மது, பரம்பரை ஆகியவை சேர்ந்து அந்த அளவுக்கு ஏற்றும். இன்சுலின் செலுத்தினால் இறங்கும். சிலருக்கு ரத்தப் பிளாஸ்மாவையே மாற்றுவதும் உண்டு. கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் வரியோடு நிறுத்தாமல் இதையும் ஒருமுறை பாருங்கள்.

● குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து, ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியதா? மேலே சின்னச் சிராய்ப்புதான் இருக்கும். ஆனால் முன்னால் கைப்பிடி, பின்னால் முதுகெலும்பு, நடுவில் கணையம். குழந்தைகளுக்குக் கணையம் அடிபடும் வழிகளில் இது முக்கியமானது. மறுநாள் வயிற்றுவலி, வாந்தி என்றால் விழுந்த கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

● மது அருந்தாத, பித்தக்கல் இல்லாத, ஒல்லியான ஓர் இளைஞன். சின்ன வயதிலிருந்தே அவ்வப்போது வயிற்றுவலி. இருபது வயது வாக்கில் சர்க்கரை நோய். எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பின் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கற்கள், கணையக்குழாய் முழுக்க. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் டாக்டர்கள் தலைமுறைகளாகப் பார்த்துவந்த காட்சி இது. 1959-ல் இந்தோனேசியாவில் ஜூய்டமா இதை விவரித்தார். கேரளத்தின் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1968-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர் விழுந்தது. அதனால் வரும் சர்க்கரை நோயைச் சென்னையில் டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள்.

இவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் ஒரு விசித்திரம். சர்க்கரை வெகுவாக ஏறியிருக்கும், இன்சுலினும் தேவைப்படும், ஆனாலும் முதல் வகை நோயாளிகளைப்போல 'கீட்டோன்' மயக்கத்தில் எளிதில் விழமாட்டார்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச இன்சுலின் அதைத் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம்.

காரணம் என்ன? முதலில் மாட்டிக்கொண்டது மரவள்ளிக்கிழங்கு. கேரளத்தில் ஏழைகளின் சோறு அதுதான், அதில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு, நோயாளிகளும் ஏழைகள், எனவே கணக்குப் பொருந்துவதுபோல் இருந்தது. ஆனால் மரவள்ளியே சாப்பிடாத இடங்களிலும் நோய் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கும் வந்தது. பிறகு 2002 வாக்கில் மரபணு ஆய்வுகள், மேலே சொன்ன அந்தக் காவல் மரபணுவிலேயே பிழை இருப்பதை இந்திய நோயாளிகள் பலரிடம் கண்டன. ஸ்பிங்க்1 சோர்ந்த உடம்பில் டிரிப்சின் தன் வேலையைக் கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதுமட்டுமே காரணமில்லை, அந்தப் பிழையோடு நலமாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வறுமையையும் கிழங்கையும் மட்டும் குற்றம் சொன்ன காலம் முடிந்தது. வேகவைத்து நீரை வடித்துச் சாப்பிடும் மரவள்ளிக்கிழங்கைக் கணையத்துக்குப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

இப்போது இந்த நோயாளிகள் முன்னைவிட நெடுநாள் வாழ்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் வாலிபத்திலேயே முடிந்துபோன வாழ்க்கைகளை நினைத்தால், இந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று தோன்றுகிறது.

● கணையத்தில் கல் இருந்தால் என்ன செய்வார்கள்? சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோலவே உடலுக்கு வெளியேயிருந்து அதிர்வலை செலுத்திப் பொடியாக்கி, எண்டோஸ்கோப்பியில் வெளியே எடுக்கலாம். அல்லது கணையக்குழாயை நெடுகப் பிளந்து, கல்லை அகற்றி, அதோடு சிறுகுடலைச் சேர்த்துத் தைக்கலாம். எது முதலில்? வலி தாங்க முடியாமல் வலுவான வலி மருந்துக்குப் பழகும்வரை காத்திருந்து கடைசியில் அறுவைக்கு அனுப்புவதைவிட, சீக்கிரமே அறுவை செய்தவர்களுக்கு வலி குறைவாக இருந்ததாக 2020-ல் வெளியான 'எஸ்கேப்' ஆய்வு காட்டியது. கல்லின் இடம், குழாயின் அகலம், நோயாளியின் வயது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் 'ஆபரேஷன் கடைசியில்தான்' என்ற பிடிவாதம் தேவையில்லை.

● கணையத்தை முழுவதும் எடுத்துவிட்டு, அதன் வேலையைக் கல்லீரலுக்குள் வைப்பதும் நடக்கிறது. 1977-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சதர்லேண்டும் நஜாரியனும் இதைத் தொடங்கினார்கள். ஓயாத வலி தந்த கணையத்தை வெளியே எடுத்து, அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளை மட்டும் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் செலுத்திவிடுகிறார்கள். அவை கல்லீரலில் தங்கி, வேர்பிடித்து, இன்சுலின் சுரக்கின்றன. சொந்தத் திசு என்பதால் எதிர்ப்பை அடக்கும் மருந்தும் வேண்டாம்.

● அந்தத் திட்டுகளை 1869-ல் முதன்முதலில் பார்த்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் 22 வயதுகூட நிரம்பாத மாணவர். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது, தெரியாது என்றே எழுதினார். 1889-ல் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் கணையம் எடுக்கப்பட்ட நாய்க்குச் சர்க்கரை நோய் வருவதைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லெனர்ட் தாம்சன் இன்சுலின் ஊசி பெற்றான்.

● சர்க்கரை ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். இறங்குவதால் திண்டாடுபவர்களும் உண்டு. இன்சுலினோமா என்பது கணையத்தில் வரும் ஒரு சிறு கட்டி, பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவு, பத்தில் ஒன்பது புற்று அல்லாதது. அது நேரங்காலம் இல்லாமல் இன்சுலினைக் கொட்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் உளறல், வியர்வை, வலிப்பு வரும்; இனிப்பு சாப்பிட்டதும் தெளிந்துவிடும். வலிப்பு நோய் என்றும் மனநோய் என்றும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். ஊரில் 'காத்து கறுப்பு' என்று மந்திரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 1929-ல் டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் இப்படி ஒரு கட்டியை எடுத்து நோயாளியைக் குணமாக்கினார். கட்டியை எடுத்தால் நோய் தீர்ந்தது.

● மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் முதலில் கைக்கு வருவது கீழாநெல்லி. கிருமியால் வரும் காமாலை பலருக்குத் தானாகவே சில வாரத்தில் தணிந்துவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வலியோ காய்ச்சலோ இல்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தால் அது வேறு காமாலை. கணையத்தின் தலையில் வளரும் புற்றுக்கட்டி பித்தக்குழாயை நெருக்கும்போது வருவது. இங்கே ஒரு மண்டலம் பத்தியம் இருக்க நேரமில்லை.

கொடுமையிலும் ஒரு சிறு கருணை உண்டு. தலைப்பகுதிக் கட்டி காமாலையாகக் குரல் கொடுத்துவிடுகிறது. நடுவிலும் வாலிலும் வருவது மௌனமாகப் பரவிவிடும். காரணமில்லாத எடை இழப்போடு, ஐம்பதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வருவதும் சிலருக்கு இதன் முன்னறிவிப்பு. புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கண்டுபிடிக்கும்போது அறுவை செய்யும் நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அமெரிக்கக் கணக்குப்படி ஐந்து ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் 100-க்கு சுமார் 13 பேர். 1970-களில் அது மூன்று பேர். இந்தப் புற்றோடு போராடிய கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் 2019 ஜனவரியில் மூக்கில் குழாயோடு சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசித்ததை நாடே பார்த்தது. மார்ச் 17 அன்று மறைந்தார்.

● கணையத் தலையில் உள்ள கட்டியை எடுப்பதற்கு 'விப்பிள் ஆபரேஷன்' என்று பெயர். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி, சில நேரம் இரைப்பையின் கீழ்ப்பகுதி என எல்லாம் எடுக்கப்படும். பிறகு மிச்சக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். பல மணி நேர வேலை. பெர்லினில் வால்தர் கௌஷ் 1909-லேயே இதை இரண்டு கட்டமாகச் செய்திருந்தார். நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935-ல் தம் முறையை வெளியிட்டார். 1940-ல் ஒரு நாள், பார்வையாளர்களாக வந்திருந்த அறுவை நிபுணர்கள் முன்னிலையில் இரைப்பைப் புற்று என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது கணையத் தலைக் கட்டி. ஒரே கட்டமாக முழுவதையும் எடுத்து முடித்தார். காமாலைக்காரர்களுக்கு ரத்தம் உறையாது என்பது அதுவரை பெரிய தடை. வைட்டமின் கே கைக்கு வந்ததுதான் அந்த வாசலைத் திறந்தது.

ஒரு காலத்தில் இந்த அறுவையில் நான்கில் ஒருவர் இறந்தார். இன்று அடிக்கடி இதைச் செய்யும் மருத்துவமனைகளில் 5 சதவீதத்துக்கும் கீழ். 'அடிக்கடி' என்ற சொல்தான் இங்கே முக்கியம். உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் தேவைப்பட்டால், "இங்கே வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்றீங்க?" என்று கேளுங்கள். அது அவமரியாதையான கேள்வி அல்ல.

● அறுவையோடு முடிந்துவிடுமா? அறுவைக்குப் பின் நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் 54 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள், பழைய ஒற்றை மருந்தில் அது 35 மாதம். பிரான்சும் கனடாவும் சேர்ந்து நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு இது. எடுக்க முடியாத நிலையிலும் செய்ய நிறைய இருக்கிறது: ஸ்டென்ட் வைத்தால் காமாலையும் அரிப்பும் போகும், முதுகெலும்பருகே உள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டால் வலி அடங்கும். குணமாக்க முடியாது என்பதும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் ஒன்றல்ல.

● ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்ததும் கணையக் கட்டிதான், ஆனால் வேறு சாதி. ஹார்மோன் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் வகை, மெதுவாக வளர்வது. 2003-ல் தெரிந்தது, 2011-ல் இறந்தார். 'கணையப் புற்று' என்ற ஒரே பெயருக்குள் மாதங்களும் ஆண்டுகளும் வேறுபடும் நோய்கள் இருக்கின்றன. பயாப்ஸி முடிவு வரும்முன் உறவினர்கள் நாள் குறிக்க வேண்டாம்.

● புற்று என்று பயந்து அறுவைவரை போய், கடைசியில் ஸ்டீராய்டு மாத்திரையில் கரைந்துபோன கட்டிகளும் உண்டு. உடலின் எதிர்ப்புசக்தியே கணையத்தைத் தாக்கும் இந்த நோயைத் தெளிவாக அடையாளம் காட்டியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். 2001-ல் ஹமானோ குழுவினர், இவர்கள் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதம் கூடியிருப்பதைக் கண்டார்கள்.

● கணையம் பெரும்பகுதி பழுதானால் எண்ணெய் செரிக்காது. மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் மிதந்து நிற்கும். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டே ஆண்டுகள் போக்குகிறவர்கள் அதிகம். எடை குறையும், கொழுப்போடு சேர்ந்து உள்ளே போகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும், எலும்பு பலவீனப்படும். தீர்வு கையில் இருக்கிறது: நொதி கேப்ஸ்யூல். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது, இதற்கு நிகரான மாற்று இன்னும் சரிவரக் கிடைக்கவில்லை. உணவுக் கட்டுப்பாடோ மத நம்பிக்கையோ உள்ளவர்கள் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போட்டால் வீண். சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும். முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்வார்கள்.

இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கணையம் அழியும்போது சர்க்கரையை ஏற்றும் குளுககான் ஹார்மோனும் சேர்ந்தே போய்விடுவதால், சர்க்கரை இறங்கினால் வேகமாக இறங்கும். சட்டைப்பையில் எப்போதும் இனிப்பு வேண்டும். மதுவும் சிகரெட்டும் இரண்டும் தனித்தனியாகவே கணையத்தைக் கெடுப்பவை, நோய் வந்தபின் இரண்டையும் விடுவதுதான் முதல் மருந்து.

● போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் சித்தப்பா எனக்குப் பக்கத்து இலை. பரிமாறுகிறவர் சோற்றைத் தட்டிக் குழி செய்து பருப்பும் நெய்யும் ஊற்றும்வரை பொறுத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு கேப்ஸ்யூலை எடுத்து, இலையின் ஓரத்தில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றை முதல் கவளத்தோடு விழுங்கினார். எதிர்ப்பந்தியில் ஒரு பெரியவர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கையால் தேய்த்துக்கொண்டு, "காலையிலேர்ந்து வாயு" என்று யாரிடமோ சொன்னார். சித்தப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இலைக்கு மேலாக அவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, முதுகுக்குப் போகுதா?"